ஐந்து பேர் கையெழுத்து



தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு சிற்றூர்த் தெருவுக்குக் காலை ஏழரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கோவில் திண்ணையிலோ, யாராவது ஒருவர் வீட்டு வாசலிலோ பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் அட்டை, அட்டைக்குள் மடித்து வைத்த நோட்டுகள். பைக்கில் வந்த இளைஞர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், பணத்தை எண்ணி வாங்குவார், போனில் பதிந்துகொள்வார். அவர் கிளம்பினால்தான் இவர்கள் களையெடுக்கவோ பனியன் கம்பெனிக்கோ போகமுடியும். இதை சென்டர் மீட்டிங் என்கிறார்கள். கட்டுகிற கடன், குழு லோன்.

குழு லோனைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் வட்டியைப் பற்றித்தான் பேசுகிறோம். வட்டி அதிகம்தான். ஆனால் என்னை அலைக்கழிப்பது வட்டி அல்ல, குழு. கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக வெளியே வர நினைக்கிற பெண்ணையும், கட்ட முடியாமல் தவிக்கிற பெண்ணையும் ஒன்றுபோல் பிடித்துவைப்பது அதுதான். இந்த மாதம் அதைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டும்.

சேர்வது எவ்வளவு எளிது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நிலப் பத்திரம் வேண்டாம், நகை வேண்டாம், அரசு ஊழியர் ஜாமீன் வேண்டாம். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், கணவரோ மகனோ கூட நின்று ஒரு புகைப்படம். வீட்டை ஒருமுறை வந்து பார்ப்பார்கள். சில நாட்களில் பணம் கணக்கில் ஏறிவிடும். வங்கி வாசலில் கால்கடுக்க நின்று திரும்பி வந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவளை நம்பி, அவள் பெயரில், அவள் தெருவுக்கே வந்து கடன் கொடுக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் கந்து வட்டி கட்டியவளுக்கு இது விடுதலை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்க 2003இலேயே இங்கே தனிச்சட்டம் போட்டும் ஒழியாத கொடுமை அது. ஆகவே குழு லோன் வாங்கியவர்களை யாராவது ஏளனமாகப் பேசுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அவர்கள் கண்ட வழிகளில் அதுதான் நல்ல வழியாக இருந்தது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தனியாக வரக்கூடாது, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். நம் நாட்டில் கூட்டுப் பொறுப்புக் குழுவுக்கு நான்கிலிருந்து பத்துப் பேர் என்பது வழக்கம். பல இடங்களில் ஐந்து. பணம் தேவைப்படுகிறவள் ஒருத்திதான், ஆனால் ஐந்து கையெழுத்து வேண்டும். அவள் யாரிடம் போவாள்? பக்கத்து வீட்டு அக்காவிடம், எதிர்வீட்டு மதினியிடம், கூட வேலைக்குப் போகிற தோழியிடம். “நீங்களும் சேருங்கக்கா, உங்களுக்கும் கிடைக்கும், எனக்கும் கிடைக்கும்.” மறுத்தால் மனத்தாங்கல் வரும். கடனே தேவைப்படாதவள் அக்கம்பக்கத்துக்காகச் சேர்கிறாள். சிலர் தங்கள் பெயரில் எடுத்து முழுத் தொகையையும் இன்னொருத்தி கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெயர் கொடுத்தேன் என்று சொல்வார்கள். அந்த இரக்கத்தின் பேரில் ஒன்றிரண்டு ஆண்டுத் தவணை எழுதப்பட்டிருக்கிறது என்பது பிற்பாடுதான் புரியும்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1976இல் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த முகம்மது யூனுஸ், பக்கத்து ஊரான ஜோப்ராவில் 42 பேருக்குத் தன் கையிலிருந்து கடன் கொடுத்தார். மொத்தத் தொகை 27 டாலர். அத்தனை பேரையும் கந்து வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த முயற்சி 1983இல் கிராமீன் வங்கி ஆனது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஏழைப் பெண்ணிடம் அடமானம் வைக்கச் சொத்து இல்லை. ஆகவே ஐந்து பெண்களைச் சேர்த்தார்கள். முதலில் இருவருக்குக் கொடுத்து, அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இருவருக்கு, கடைசியாக ஐந்தாமவருக்கு. ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒருவருக்கொருவர் துணை. யூனுஸ் நல்லெண்ணத்தோடு செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொத்துக்குப் பதிலாக அங்கே அடமானமாக வைக்கப்பட்டது எது என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குத் தெருவில் இருந்த நல்ல பெயரும், அக்கம்பக்கத்து உறவும்.

இந்த அடமானம் எப்படிப் பறிக்கப்பட்டது என்பதை மானுடவியலாளர் லாமியா கரீம் வங்கதேசக் கிராமங்களில் இருந்து பதிவு செய்தார். அவருடைய நூல் 2011இல் வெளிவந்தது. தவணை தவறிய பெண்ணின் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் நிறுவன ஊழியர்கள் அல்ல, அவளுடைய குழுப் பெண்கள்தான். பாத்திரத்தை எடுத்தார்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், வீட்டையே பிரித்துத் தகரத்தையும் மரத்தையும் விற்றதும் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவள் கட்டாவிட்டால் தங்களுக்கு அடுத்த கடன் வராது, அவள் பங்கையும் தாங்கள் கட்ட வேண்டிவரும் என்ற பயம்.

நம் ஊரிலும் அதே பயம்தான் வேலை செய்கிறது. ஒருத்திக்கு வேலை இல்லாத வாரம், அல்லது குழந்தைக்குக் காய்ச்சல். தவணைப் பணம் இல்லை. மீட்டிங் முடியாது. வசூலுக்கு வந்தவர் உட்கார்ந்தே இருப்பார். “நீங்க அஞ்சு பேரும் பேசி முடிவு பண்ணுங்கம்மா, எனக்கு டியூ முழுசா வந்தாகணும்.” வேலைக்குப் போகிற நேரம் தப்பிக்கொண்டிருக்கும். மற்ற நான்கு பேரும் தலைக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டுவார்கள். முதல் வாரம் மனமிரங்கிக் கட்டுவார்கள். இரண்டாவது வாரம் முணுமுணுப்பு. மூன்றாவது வாரம் அவள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். குழுவில் சேரச் சொல்லி இவள் கூப்பிட்ட அதே அக்காவுக்கும் இவளுக்கும் பிறகு பல ஆண்டு பேச்சுவார்த்தை இருக்காது. வசூலுக்கு வந்த இளைஞருக்கும் மேலே ஒரு மேலாளர், அவருக்கும் மாத இலக்கு. மாலைக்குள் கணக்கை முடிக்காமல் அவரும் வீடு திரும்ப முடியாது. இந்தக் கூட்டத்தில் வில்லன் என்று ஒருவரைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏற்பாடு அப்படி.

தவணை தவறியவள் அந்த வாசல் சத்தத்துக்குப் பயந்து வேறொரு நிறுவனத்தில் குழு சேர்கிறாள். செவ்வாய்க்கிழமை ஒரு மீட்டிங், வியாழக்கிழமை இன்னொன்று. ஒன்றில் வாங்கி மற்றொன்றில் கட்டுகிறாள். புதிய குழுவிலும் அவளோடு நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்படித்தான் ஒரே தெருவின் பெண்கள் இரண்டு மூன்று குழுக்களில் ஒருவரோடொருவர் பின்னிக்கொள்கிறார்கள். ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விட்டால் தெருவே ஆட்டம் காண்கிறது.

ஒழுங்காகக் கட்டி முடித்தவளுக்காவது விலகுவது எளிதா? அதுவும் இல்லை. முதல் கடன் முடியும் தறுவாயிலேயே அடுத்தது தயாராக இருக்கும், முதல் கடனைவிடப் பெரிதாக. “எனக்கு வேண்டாம்” என்று அவள் சொன்னால் மற்ற நான்கு பேருக்கு ஆள் குறையும். “நீ இல்லாட்டி எங்களுக்கும் கிடைக்காதே” என்பார்கள். கடனே வேண்டாத பெண், உறவைக் காப்பாற்ற மறுபடியும் கடன் வாங்குகிறாள். கடன் தராவிட்டால் வருத்தப்படுகிற தோழி இருப்பாள், கடன் வாங்காவிட்டால் வருத்தப்படுகிற தோழியை இந்த ஏற்பாடு உண்டாக்கியிருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய துயரமாகத் தெரிகிறது.

பெண்கள் குழுவாகச் சேர்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. நேர்மாறாக, தமிழ்நாட்டுக்கு அதில் ஒரு பெருமையான வரலாறு உண்டு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. 1992இல் வேளாண், ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அந்தக் குழுவில் நுழைந்ததும் கடன் கிடைக்காது. முதலில் சேமிக்க வேண்டும். ஆறு மாதமாவது கூடிப் பேசி, கணக்கு எழுதி, தங்கள் பணத்தைத் தங்களுக்குள்ளேயே சிறு கடனாகச் சுற்றிய பிறகுதான் வங்கி வாசல் திறக்கும். சேர்வதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே முடிவெடுப்பவர்கள் அவர்களே. மகளுக்குப் பிரசவம் என்று ஒருத்தி வந்து நின்றால், இரண்டு மாதம் போகட்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. விலக நினைப்பவள் பாக்கியை அடைத்துவிட்டுத் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு போகலாம். அங்கும் சண்டை உண்டு, கணக்கில் குளறுபடி உண்டு, தலைவியின் அதிகாரம் உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழுவுக்கு என்று ஒரு பணமும் ஒரு குரலும் இருந்தன. குழு லோன் குழுவுக்கு இருப்பது பொறுப்பு மட்டும்தான். பணமும் முடிவும் வேறு இடத்தில் இருக்கின்றன. பலர் இரண்டையும் ஒரே மூச்சில் மகளிர் குழு என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள்.

ஒவ்வொருவராக விலக வழி இல்லாத ஏற்பாட்டின் முடிவு என்ன என்பதை 2010இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் பார்த்தோம். பல நிறுவனங்கள் ஒரே ஊர்களில் போட்டிபோட்டுக் கடன் கொடுத்தன. வசூல் கொடுமையால் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்பின் மாநிலம் முழுவதும் தவணை கட்டுவதே அநேகமாக நின்றுபோனது. மடை இல்லாத கண்மாய் கரையை உடைத்துக்கொண்டுதான் போகும். நிறுவனங்கள் தள்ளாடின. நாணயமாகக் கட்டிவந்த பெண்களுக்கும் புதிய கடன் கிடைக்கவில்லை. மறுபடியும் பழைய வட்டிக்காரர் வீட்டுக்கே போனார்கள்.

இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009இல் போர் முடிந்து வடக்குக்குப் பாதை திறந்ததும் நுண்கடன் நிறுவனங்களும் லீசிங் நிறுவனங்களும் வந்து இறங்கின. கணவரையும் வீட்டையும் தொழிலையும் இழந்து, பிள்ளைகளோடு மீளக் குடியேறிய பெண்களுக்குக் கையில் காசு தந்தவர்கள் அவர்கள்தான். அந்தக் காசைத் திருப்பிக் கட்டும் அளவுக்கு அங்கே வருமானம் வரவில்லை. 2018இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு என்று பல இடங்களில் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, வசூலின்போது பெண்கள் மீது நடக்கும் வன்முறையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். 2021 மார்ச் 8இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் அது நீடித்தது. மொழி வேறு, கையிலிருந்த அட்டை ஒன்றுதான்.

கூட்டுப் பொறுப்பு இல்லாவிட்டால் ஏழைகள் கடனைத் திருப்பிக் கட்டமாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிலிப்பைன்ஸில் ஷேவியர் ஹினே, டீன் கார்லன் என்ற இரு பொருளியலாளர்கள் அங்குள்ள ஒரு வங்கியின் குழுக்களில் சோதித்துப் பார்த்தார்கள். சில சென்டர்களில் வாராந்தரக் கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் கடன் திரும்பிவருவது குறையவில்லை. பெண்கள் தங்கள் கடனைத் தாங்களே கட்டினார்கள், பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்க வேண்டிய தேவையே இல்லாமல். கிராமீன் வங்கியே 1998 வெள்ளத்துக்குப் பிறகு தன் முறையை மாற்றி அமைத்தது. இப்போது தன்னிடம் கூட்டுப் பொறுப்பு கிடையாது என்கிறது. பிறந்த வீட்டிலேயே கைவிடப்பட்ட வழக்கத்தை நம் தெருக்களில் இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கூட்டம் இருக்கட்டும், தோழமை இருக்கட்டும், ஒருத்தியின் கடன் ஒருத்திக்கே என்று ஆகட்டும். நிறுவனங்கள் தாமாகச் செய்யாவிட்டால் ரிசர்வ் வங்கி செய்யவைக்க வேண்டும்.

அதுவரை கையில் இருக்கும் விதிகளையாவது நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிகள் இவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் அடமானமில்லாத கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் கிடையாது. வெளியே வர விரும்புகிறவர்கள் இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து நெருக்கக் கூடாது. திட்டவோ மிரட்டவோ கூடாது. உறவினரையும் நண்பரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாதவர் பெயரை ஊரறியச் செய்யக் கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். கடன் அட்டை கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமும், மிரட்டிக் கடன் வசூலிப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது.

நண்பரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யாதே என்று விதி சொல்கிறது, அதே நண்பரிடமும் கூட வேலை செய்பவரிடமும் கையெழுத்து வாங்கித்தான் கடனே தரப்படுகிறது. இந்த முரண்பாட்டை யாராவது ரிசர்வ் வங்கியின் மேசையில் வைக்க வேண்டும். நம் இதழ் வழியாகவும் வைப்போம்.

என் வேண்டுகோள் சிறியதுதான். யாராவது “சும்மா ஒரு கையெழுத்துக்கா” என்று வந்து நின்றால், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அவள் கட்டாவிட்டால் நான் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? நடுவில் அடைத்துவிட்டு விலகலாமா? நான் அடுத்த முறை வேண்டாம் என்றால் மற்றவர்களுக்குக் கடன் நிற்குமா? பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர்களுக்காகப் பெயர் கொடுக்காதீர்கள். உதவ மனமிருந்தால், முடிந்த தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். குழுவில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு: இந்த வாரம் ஒருத்தியால் கட்ட முடியவில்லை என்றால், அவள் வாசலுக்குப் போகாதீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேருமாக நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். தவணையை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அம்மாவின் அட்டையை வாங்கி ஒருமுறை முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.

நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் தகுந்த பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்